இடது பக்கத்துக் குடிகாரன்

எங்கள் ஹேங்கரில் நிற்கும் சின்ன விமானத்துக்கு இரண்டு எஞ்ஜின்கள். வலது எஞ்ஜினுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. இடது எஞ்ஜினுக்கு மட்டும் குடிகாரன் என்று பெயர். வலதைவிட ஒவ்வொரு பயணத்திலும் இருபது, இருபத்தைந்து லிட்டர் எரிபொருள் கூடக் குடிக்கிறது என்று கேப்டன் வைத்த பெயர். பதினோரு வருடங்களாக அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, அது நிஜமாகவே ஒரு ஆள் மாதிரி எங்களோடு புழங்கிக்கொண்டிருந்தது. "குடிகாரன் இன்னிக்கு எப்படி?" என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும்.

விமானம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. காற்றாடி வைத்த டர்போபிராப், ஒன்பது பேர் உட்காரலாம். அதை ஓட்டுபவர் கேப்டன், பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம். விமானத்துக்குள் ஓடும் மின்சாரம், ரேடியோ, திசை காட்டும் கருவிகள், அளவு காட்டும் கருவிகள் எல்லாம் என் பொறுப்பு. ஏவியானிக்ஸ் என்பார்கள். மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறேன் என்றதும் எந்த ஃபேக்டரி, எந்த ஷிஃப்டு என்றுதான் முதலில் கேட்பார்கள். விமானம் என்று சொன்னால் ஏர் ஹோஸ்டஸா என்று கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம் என்னோடு பிறந்தது. இந்தக் கதையில் அதற்கும் பங்கு இருக்கிறது.

சென்ற வருடம் வரை அந்த விமானத்தில் பெரிய வேலை எதுவும் இங்கே நடந்ததில்லை. கருவிப் பலகையில் கை வைக்க வேண்டுமென்றால் வெளியூர்ப் பட்டறைக்குப் பறந்து போய்விடும். எங்களுக்குத் துடைப்பதும் பார்ப்பதும்தான் வேலை. பழைய டயல்களை எடுத்துவிட்டுத் திரைகள் பொருத்தலாம் என்று முதலாளி முடிவு செய்தபோது, இந்தத் தடவை நம் ஹேங்கரிலேயே செய்யலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். முதலாளி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, செய்ங்க. ஆனா உங்க கையெழுத்துதான்" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். வேலை கெட்டால் அடுத்தது மறுபடி வெளியே போகும். என் கையெழுத்துக்கு அந்த ஹேங்கரில் மதிப்பு இருக்காது.

இரண்டு மாதம் வேலை நடந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எப்போதும் இருந்தேனா என்று தெரியவில்லை. பழைய வட்ட டயல்களை எல்லாம் கழற்றியதும் பலகை இட்லித் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. அதன் பின்னால் நாற்பது வருட வயர்கள். யார் யாரோ போட்டது, யார் யாரோ ஒட்டுப் போட்டது. ஒவ்வொன்றாக உருவி எடுத்து, புதிய வயர்களுக்கு எண் போட்டு, கட்டுக் கட்டாக நூல் சுற்றிக் கட்டினேன். காலையில் ஹேங்கர் கதவைத் தள்ளும்போது ஓசூர்க் குளிர் உள்ளே வரும். பத்து மணிக்கு டீ வரும். மத்தியானம் டிபன் பாக்ஸை விமானத்தின் படியிலேயே உட்கார்ந்து திறப்பேன். மாலையில் கை விரலெல்லாம் சின்னச் சின்னக் கீறல். வீட்டில் கணவர் அதைப் பார்த்து, "நான் லேத்துல நிக்கிறேன், என் கையே தேவல" என்பார்.

அந்த வேலையில் ஒரு பகுதி எரிபொருள் மீட்டர். ஒவ்வொரு எஞ்ஜினுக்கும் போகும் குழாயில் சின்னச் சக்கரம் ஒன்று வைத்த கருவியைப் பொருத்த வேண்டும். ஓடும் எண்ணெய் அதைச் சுற்றும், சுற்றைக் கணக்கிட்டு எந்த எஞ்ஜின் எவ்வளவு குடித்தது என்று திரையில் சொட்டுச் சொட்டாகக் காட்டும். டாங்க் நிரம்பியதும் 'முழுசு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும், அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். இதுவரை அந்த வசதி கிடையாது. டாங்க் அளவு காட்டும் பழைய முள் ஒன்றுதான் இருந்தது. அந்த முள்ளின் தடிமனே இருபது லிட்டரை மறைத்துவிடும். அதனால் கேப்டன் தன் நோட்டைத்தான் நம்பினார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வெளியூரில் இறங்கினாலும் இரண்டு டாங்கையும் வாய் வரை நிரப்பாமல் கிளம்ப மாட்டார். நிரப்பும்போது பக்கத்திலேயே நின்று, இடதுக்கு எத்தனை லிட்டர், வலதுக்கு எத்தனை லிட்டர் என்று சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். மதுரையானாலும் தூத்துக்குடியானாலும் ஐதராபாத்தானாலும் இடதுதான் கூடுதலாக வாங்கியிருக்கும். ஒரு தடவைகூட மாறியதில்லை. குடிகாரன் என்ற பெயர் சும்மா வரவில்லை.

புதிய திரைகளோடு முதல் பயணம் தூத்துக்குடிக்கு. நான் ஹேங்கரில் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இறங்கிய அரை மணி நேரத்தில் கேப்டன் கூப்பிட்டார்.

"மேடம், ஸ்கிரீன் எல்லாம் சூப்பர். மேப் சூப்பர். ஆனா உங்க ஃபியூல் மீட்டர் பொய் சொல்லுது."

"என்ன சார் பொய்?"

"ரெண்டு எஞ்ஜினும் சமமா குடிச்சதுன்னு காட்டுது. இங்க நிரப்பினா லெஃப்ட்ல இருபத்துநாலு லிட்டர் ஜாஸ்தி போச்சு. நானே நின்னு பார்த்தேன்."

நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். அது மரியாதை இல்லை என்று இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை.

அன்று மாலை விமானம் திரும்பியதும் இடது மீட்டரைக் கழற்றினேன். வயரைப் பார்த்தேன், பின்களை இழுத்துப் பார்த்தேன், எண்களைச் சரிபார்த்தேன். மறுநாள் இடது மீட்டரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு எஞ்ஜினை ஓடவிட்டோம். மீட்டரில் கோளாறு என்றால் கோளாறும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. இரண்டும் சமம் என்றே காட்டின. நான் கேப்டனைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த பார்வை அது.

"ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லுது," என்றார் அவர்.

"வயர் பொய் சொல்லாது சார்."

"பதினோரு வருஷமா எழுதறேன் மேடம். நோட்டு பொய் சொல்லுமா?"

இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினோம். பக்கத்து ஹேங்கரிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மீட்டரைக் கழற்றிவிட்டு வெளிப் பட்டறையைக் கூப்பிடலாம், இடது எஞ்ஜினையும் இறக்கிச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். வேலை சரி என்று கேப்டன் ஒப்புக்கொள்ள வேண்டிய ஏற்புப் படிவம் ஒன்று உண்டு; அதை அவர் கையெழுத்துப் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் கையெழுத்து மேலே, அவருக்கான இடம் கீழே காலியாக. ஒரு வாரம் அந்தத் தாள் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஹேங்கரில் யார் எதைக் கேட்டாலும் சிடுசிடுத்தேன். வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னவருக்கும் கிடைத்தது.

புதன்கிழமை விமானம் மதுரை போய்விட்டு மத்தியானம் திரும்பியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நம் ஊரில் எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் போய் நின்றேன். நான் வயர்க்காரி, எண்ணெய் விஷயம் எனக்குச் சம்பந்தமில்லாதது என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கேப்டனும் இங்கே இறங்கியதும் நேராக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். எண்ணெய் லாரியைப் பவுசர் என்போம். அதை ஓட்டி வந்து நிரப்புவது பாய் ஒருவர்தான். கிருஷ்ணகிரிக்காரர். அவர் குடும்பத்தில் எல்லாரும் மாம்பழ வியாபாரம், இவர் மட்டும் பவுசரில் ஏறிவிட்டார்.

"மேடம் இன்னிக்கு இந்தப் பக்கம்?" என்றார் ஏணியில் நின்றபடி.

"இடதுக்கு எவ்வளவு போகுதுன்னு தனியா பாக்கணும் பாய். முடிச்சதும் மீட்டரை நிறுத்திச் சொல்லுங்க."

"தனியாவா? இங்க யாரும் தனியா எழுதறதில்லியே மேடம். ரெண்டுத்தயும் ரொப்பி மொத்தமாத்தான் எழுதுவோம்."

சொன்னபடி நிறுத்தினார். நான் எழுதிக்கொண்டேன். பிறகு குழாயை வலது பக்கம் இழுத்துப் போய் நிரப்பினார். அதையும் எழுதினேன். கழித்துப் பார்த்தேன். இரண்டாவது தடவையும் கழித்துப் பார்த்தேன். இடது, வலதைவிட இருபத்துமூன்று லிட்டர் குறைவாக வாங்கியிருந்தது.

"பாய், இடது கம்மியா குடிச்சிருக்கு!"

"அது எப்பவும் கம்மிதான் மேடம். இந்தப் பக்கம் சீக்கிரம் பொங்கிடும். நான் பாத்துக்கினுதான இருக்கேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

அவர் சொன்னதும் நியாயம்தான். வெளியூரில் கூடுதலாகக் குடிக்கிறவன் வீட்டுக்கு வந்தால் குறைவாகக் குடிக்கிறான். நான் அதைச் சொன்னதும் பாய் ஏணியிலேயே சிரித்தார். "வெளியில குடிச்சிட்டு வூட்டுல நல்லவனா நடிக்கிறான். நம்ம ஊர்ல இல்லாத ஆளா மேடம்?" என்றார். ஒரு வாரம் கழித்து அன்றுதான் நானும் சிரித்தேன். ஆனால் காரணம் இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. விமானம் வெளியே சிமெண்டுத் தளத்தில் நனைந்துகொண்டு நின்றது. நான் ஹேங்கர் கதவோரம் டீயோடு நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூக்கு கிழக்கே பார்த்தபடி, எப்போதும் போல மஞ்சள் கோட்டின்மேல். தளத்தில் விழுந்த தண்ணீர் வலது இறக்கைக்குக் கீழே நிற்காமல், விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ஓடி, இடது இறக்கையின் நுனியைத் தாண்டி வடக்கே இருக்கும் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. எத்தனை மழைக்கு இதே இடத்தில் நின்று இதே தண்ணீரைப் பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் டீ கையிலேயே ஆறிப் போனது.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது இன்னொரு தளம் எழும்பிக்கொண்டிருந்தது. அஞ்செட்டிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வேலை செய்தார். மறுநாள் காலை அவரிடம் போய், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூப்பை ஒரு நாளைக்குக் கேட்டேன்.

"எதுக்கும்மா? வூட்டுக்காரர் ரூம் கட்றாரா?"

"ஏரோப்ளேன் நிக்கிற இடம் மட்டமா இருக்கான்னு பாக்கணும்."

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் கொடுத்தார். "தண்ணி போற எடம்னா வாட்டம் வச்சித்தான் போட்டிருப்பாங்க. பாத்து எடுத்தாந்து குடுத்துடுங்க" என்றார்.

இடது இறக்கையின் நுனிக்குக் கீழே பாய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். வலது நுனிக்குக் கீழே நான். நடுவில் டியூப் தரையில் கிடந்தது. தண்ணீர் ஆடி ஆடி நின்றதும் தரையிலிருந்து அளந்தோம். அவர் பக்கம் என் பக்கத்தைவிட முழுதாக ஒரு சாண் இறக்கம். எங்கள் விமானத்தின் இறக்கை தட்டையானது. எண்ணெய் ஊற்றும் வாய் நுனிப் பக்கத்தில் இருக்கிறது. வாய்ப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்த சொம்பு எப்படி முழுசாக நிரம்பும் முன்னே வழிந்துவிடுமோ, அப்படித்தான் இடது டாங்கும். உள்ளே இடம் இருக்கும்போதே பொங்கிவிடும். நாம் நிரம்பிவிட்டது என்று மூடிவிடுவோம். மட்டமான தளம் உள்ள ஊருக்குப் போனதும் அங்கே எரிந்ததோடு சேர்த்து இங்கே விட்ட குறையையும் அது வாங்கிக்கொள்ளும். கேப்டன் அதை எழுதிக்கொள்வார்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்று, இழுவை வண்டியை மாட்டி விமானத்தை வடக்கே பார்த்துத் திருப்பினோம். இப்போது இரண்டு இறக்கையும் ஒரே மட்டம். மூக்கு மட்டும் கொஞ்சம் இறக்கம். முந்தின நாள் முழுசு என்று மூடிய அதே இடது டாங்கைப் பாய் திறந்தார். குழாயை வைத்தார். பவுசர் மீட்டர் ஓடியது. ஐந்து, பத்து, பதினைந்து. இருபத்துமூன்றைத் தாண்டியதும்தான் பொங்கியது. வலதைத் திறந்தால் அது விளிம்பு வரை நிறைந்திருந்தது, ஊற்ற இடமே இல்லை.

என் மீட்டர் சரி. கேப்டனின் நோட்டும் சரி. குடிகாரன் பதினோரு வருடமாக ஒரு சொட்டுகூட அதிகம் குடித்ததில்லை. நான் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி. அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. பதினோரு வருடமாக இங்கிருந்து கிளம்பிய ஒவ்வொரு தடவையும் முழுசு என்று நினைத்து இருபது லிட்டருக்கு மேல் குறைவோடு போயிருக்கிறார்கள். கேப்டன் எப்போதும் தேவைக்கு மேல் நிறைய வைத்துக்கொள்கிற ஆள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் என்றால்? நினைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வடக்கே பாத்து நிறுத்தியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. எந்தப் புத்திசாலி பாய் இதைக் கிழக்கே பாத்து நிறுத்தச் சொன்னது?"

பாய் குழாயைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கேக்கறேன்ல."

"சொன்னா கோச்சிக்கக் கூடாது மேடம்."

"சொல்லுங்க."

"நீங்கதான்."

பாய் மெதுவாக எனக்கு ஞாபகப்படுத்தினார். விமானம் முதன்முதலாக இங்கே வந்த நாள். மறுநாள் ஆயுத பூஜை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூசணிக்காய், எலுமிச்சை, சாமந்தி மாலை எல்லாம் நான்தான் ஆட்டோவில் கொண்டு வந்திருந்தேன். விமானம் வடக்கே பார்த்துத்தான் நின்றிருந்தது. கிழக்கே பார்த்து நிறுத்தினால்தான் பொட்டு வைப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்போது புதிதாக வந்திருந்த கேப்டன், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்" என்று, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினார். நான் விடவில்லை. இழுவை வண்டி அன்றைக்கு இல்லை. ஆறு பேர் சேர்ந்து கையால் தள்ளித் திருப்பினார்கள். அதில் பாயும் ஒருவர். பூஜை முடிந்த பிறகு யாரும் திருப்பவில்லை. சக்கரம் நின்ற இடத்தில் யாரோ மஞ்சள் கோடு போட்டார்கள். கோடு போட்டதும் அது சட்டமாகிவிட்டது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் அது மேலிடத்து உத்தரவு என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுத்தமாக மறந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்," என்றார் பாய். "தளம் சாய்வு, அவ்ளோதான. சரிதான அது?"

சரிதான். தளம் சாய்வு என்று எழுதினால் பொய் இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம். ஒரு வாரமாக வயரும் பொய் சொல்லாது, நானும் பொய் சொல்ல மாட்டேன் என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். கேப்டனின் நோட்டை நம்பாமல் சத்தம் போட்டிருக்கிறேன், போனை முகத்தில் அடித்த மாதிரி வைத்திருக்கிறேன். பேனாவை மூடினேன், திறந்தேன். டீ வந்தது, குடித்தேன். பிறகு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை கேப்டன் வந்தார். விமானம் வடக்கே பார்த்து நிற்பதைக் கண்டதும் நின்றார். நான் அவரை ஏணியில் ஏற்றி இடது டாங்கைத் திறந்து காட்டினேன். டியூப்பைக் காட்டினேன். அவர் தன் நோட்டை எடுத்து, என் எண்ணையும் தன் எண்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நோட்டு சரியாக இருந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம், முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கும் அதே சந்தோஷம்தான். இடது எஞ்ஜினின் மூடியைக் கையால் தட்டி, "சாரி கண்ணா" என்றார்.

பிறகு படிவத்தை வாங்கிப் படித்தார். 'காரணம்: விமானத்தைச் சாய்வான தளத்தில் கிழக்கு நோக்கி நிறுத்தி எரிபொருள் நிரப்பியது. அவ்வாறு நிறுத்தச் சொன்னவர்: கீழே கையெழுத்திட்டிருப்பவர்.' அதற்குக் கீழே என் கையெழுத்து.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் பேனா கேட்டார். தன் இடத்தில் கையெழுத்துப் போடாமல், என் வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்று சேர்த்தார்: 'தள்ளிய ஆறு பேரில் நானும் ஒருவன்.' அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.